நடுப்பக்கம் இல்லாத கதை

புத்தகங்களுக்கு மட்டும்தான் மதிப்புரை எழுத வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்தத் தைரியத்தில் இன்று ஒரு துண்டு விளம்பரத்துக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வழவழப்பான ரோஜா நிறத் தாள். நீளம் ஒரு சாண் இருக்கும். வாடிப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நான் வழக்கமாகக் காபி குடிக்கும் கடையில் காலைப் பத்திரிகையை விரித்தபோது நழுவி என் மடியில் விழுந்தது. மதுரையில் உள்ள ஓர் அழகு நிலையம் அச்சிட்டது. பெயர் வேண்டாம், எழுதினால் இதுவும் அவர்களுக்கு ஒரு விளம்பரமாகிவிடும்.

வாடிப்பட்டி என்றால் மதுரைப் பக்கத்தில் பலருக்கும் மேளம்தான் நினைவுக்கு வரும். வயல், தென்னை, தள்ளி நின்று பார்க்கும் சிறுமலை, இவ்வளவுதான் ஊர். இந்த ஊருக்கு முகச் சுருக்கம் போக்கும் அமிலச் சிகிச்சையின் விளம்பரம் எதற்காக வந்தது என்று பட்டணத்து வாசகர் வியக்கலாம். காலை நேரத்துப் பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பார்த்தால் வியக்க மாட்டார். மதுரை இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களில் பலர் மதுரைக் கடைத்தெருவில் ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நாள் முழுவதும் நின்று வேலை பார்ப்பவர்கள். அவர்களுடைய முகமும் அந்தக் கடைகளில் சரக்கோடு சேர்த்தி. விளம்பரம் எழுதியவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவரை நான் சாமானியர் என்று நினைக்கவில்லை.

இனி விளம்பரத்துக்கு வருவோம். இரண்டு புகைப்படங்கள். இடப்பக்கத்தில் 'முன்' என்று போட்டு ஒரு பெண். நெற்றியில் பொட்டில்லை, தலையில் பூவில்லை, முகத்தில் வெளிச்சமில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பி உட்கார வைத்ததுபோல் இருக்கிறாள். வலப்பக்கத்தில் 'பின்'. அதே பெண்தான். பொட்டு, பூ, புன்னகை, நல்ல வெளிச்சம் எல்லாம் வந்துவிட்டன. இத்தனையும் வந்தபின் அமிலம் எதற்கு என்று எனக்கு ஒரு சந்தேகம், அது கிடக்கட்டும். இரண்டு படங்களுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி. கீழே நாலு வரி: நாற்பத்தைந்து நிமிஷம் போதும், வலி இல்லை, கரும்பிலிருந்து எடுத்த இயற்கைப் பொருள், ஓய்வு தேவையில்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் என் கண் அந்த அம்புக்குறியில் போய் நின்றது. ஒரு கதைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. இரண்டையும் யாரும் எழுதிவிடலாம். நடுப்பகுதியில்தான் எழுதுகிறவனின் முதுகு ஒடியும். கதாநாயகிக்கு என்ன நேர்ந்தது, எதை இழந்தாள், எத்தனை இரவு விழித்திருந்தாள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதையெல்லாம் ஓர் அம்புக்குறியால் தாண்டிவிட்ட இந்த எழுத்தாளரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டாயிற்று. பிறகு வெட்கமும் வந்தது. நாவலாசிரியர்களாகிய நாங்கள் செய்யாத காரியமா இது? ஓர் அத்தியாயத்தின் முடிவில் பதினெட்டு வயதுப் பெண்ணை நிலவு முகத்தோடு விட்டுவிட்டு, அடுத்த அத்தியாயத்தை 'ஆண்டுகள் உருண்டோடின' என்று தொடங்கி, நரையும் திரையுமாக அவளைத் திண்ணையில் உட்கார வைக்கிறோம். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஒரு பெண்ணின் முகம் என்னவெல்லாம் ஆகிறது என்று நம் கதைகளில் எத்தனை பக்கம் எழுதப்பட்டிருக்கிறது? நானும் அதிகம் எழுதவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் அழகு நிலையத்தார் தங்கள் அம்புக்குறியை நட்டிருக்கிறார்கள்.

அந்த அம்புக்குறிக்குள் என்ன இருக்கிறது? கல்லூரியில் நான் படித்தது இரண்டே ஆண்டு. ரசாயனச் சோதனைச் சாலையில் அமிலம் மேலே பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். ஆசைப்பட்டு அதை முகத்தில் பூசிக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. ஆகவே தோல் மருத்துவர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு தோல் மருத்துவ அம்மாளிடமும் போய்க் கேட்டேன்.

தோலின் மேலடுக்கு கட்டி முடித்த சுவரைப்போல் நிலையாக நிற்பதில்லை. அடியில் புதிய செல்கள் பிறந்து, மேலே நகர்ந்து வந்து, செத்து, உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இளமையில் இந்தப் பயணம் ஏறக்குறைய 28 நாளில் முடிந்துவிடும். வயது ஏற ஏற மெதுவாகிறது. செத்த செல்கள் சீக்கிரம் உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பதால் முகம் மங்கிக் காட்டுகிறது. அந்தச் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் ஒட்டுதலை அமிலம் தளர்த்திவிடுகிறது. மேல்தோல் உரிகிறது, கீழே இருந்த புதிய தோல் வெளிப்படுகிறது. இதற்குப் பயன்படும் அமிலங்களில் சில நமக்குப் பழைய சிநேகிதர்கள். தயிரில் இருப்பது லாக்டிக் அமிலம். கடலை மாவில் தயிரைக் குழைத்துப் பூசிய நம் பாட்டிமார், பெயர் தெரியாமலே இதன் மெலிந்த வடிவத்தைத்தான் பூசினார்கள். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் இருக்கும் சாலிசிலிக் அமிலமும் முகத்துக்கு வருகிறது. கிளைகாலிக் அமிலம் கரும்பில் இருப்பது உண்மைதான். ஆனால் புட்டியில் வருவது பெரும்பாலும் தொழிற்சாலையில் ரசாயன முறையில் செய்யப்படுவது. கரும்பு வயலைக் காட்டி அமிலத்தை விற்பது, பசுமாட்டின் படத்தைப் போட்டு டால்டா விற்பதுபோல.

சங்கதி எத்தனை ஆழம் போகிறது என்பதில் இருக்கிறது. மெல்லிய அமிலம் மேல்தோலோடு நின்றுவிடும். சிறிது சிவக்கும், மூன்று நான்கு நாள் பொருக்குப் பொருக்காக உதிரும், அவ்வளவுதான். டிரைகுளோரோ அசிட்டிக் என்ற அமிலத்தை 35 சதவீத வலுவில் பூசினால் அது உள்தோலின் மேற்பகுதி வரைக்கும் போகும். பூசியவுடன் முகம் உறைபனி படிந்ததுபோல் வெளுக்கும். பிறகு பழுப்பாகி, பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரியும். ஆறுவதற்கு ஒரு வாரம், பத்து நாள். எல்லாவற்றிலும் கடுமையானது பீனால். அதற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். முகச் சிவப்பு மாதக்கணக்கில் இருக்கும். இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடியது என்பதால் கருவி வைத்துக் கவனித்துக்கொண்டே பூச வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஹாம்பர்க் நகரத்து ஜெர்மன் மருத்துவர் உன்னா, 1882இலேயே சாலிசிலிக் அமிலம், பீனால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று எழுதிவிட்டார். பிறகு அமெரிக்காவில் வைத்தியம் படிக்காத அழகுக்காரிகள் சிலர் பீனால் கலவைகளைப் பரம ரகசியமாக வைத்துக்கொண்டு பணம் சம்பாதித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் மயாமி நகரத்தில் பேக்கர், கார்டன் என்ற இரண்டு சர்ஜன்கள் அப்படி ஒரு கலவையின் அளவுகளை வெளிப்படையாக எழுதினார்கள். அதில் பீனாலோடு மூன்று சொட்டு நேர்வாள எண்ணெய் சேர்கிறது. ஆமாம், நம் நாட்டு வைத்தியர்கள் பேதிக்குக் கொடுக்கும்போதுகூடப் பயந்து பயந்து கொடுத்த அதே நேர்வாளம்தான்! அதைப் பூசி, முகத்தைப் பட்டையால் மூடிக் கட்டி, பணக்காரச் சீமாட்டிகளை அறைக்குள் படுக்க வைத்தார்கள். ஆக, பழைய கதையில் நடுப்பகுதி நீளமானது, பயங்கரமானதும்கூட. யாரும் அதை மறைக்கவில்லை.

1974இல் வான் ஸ்காட், யூ என்ற இருவர், மீன் செதில்போல் தோல் தடிக்கும் ஒரு நோய்க்குக் கிளைகாலிக் போன்ற பழ அமிலங்கள் குணம் தருவதாக எழுதினார்கள். நோயாளிக்கென்று கண்ட மருந்து அடுத்த இருபது ஆண்டுக்குள் அழகு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போய்ப் பூசிக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்காரலாம் என்று மேல்நாட்டில் அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

இங்கேதான் என் ஆட்சேபம். மேலோடு நிற்கும் அமிலத்துக்கு அதிக ஓய்வு வேண்டாம் என்பது மெய். முகத்தின் மங்கலைக் கொஞ்சம் போக்கும், பருத் தழும்பை மெல்ல மங்கச் செய்யும் என்பதும் மெய்; ஒரு முறை போதாது, இரண்டு மூன்று வார இடைவெளியில் பல முறை வேண்டும். ஆனால் வலப்பக்கப் படத்தில் இருக்கும் அந்தச் சுருக்கமற்ற முகத்தை அது தராது. ஆழமான கோடுகள் உள்தோலில் இருக்கின்றன. சுண்ணாம்பு அடித்தால் சுவரின் விரிசல் மூடுமா? உள்தோல் வரை போகும் அமிலம் ஓரளவு தரலாம், ஆனால் அதற்கு ஓய்வு வேண்டும். படத்தை ஒரு சிகிச்சையிலிருந்து எடுத்துக்கொண்டு, வாக்கியத்தை இன்னொரு சிகிச்சையிலிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுவிட்டார்கள். இதைத்தான் பொய் என்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கும் பொய்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரர் தோலை வைத்து எழுதிய கதை இது. கதாநாயகி நம் நிறத்துக்காரியானால் கதையே மாறிவிடும். கொசு கடித்த இடமும் நமக்குக் கறுத்துத்தானே ஆறுகிறது? காயம் பட்டால், சூடு பட்டால், அழற்சி உண்டானால், நம் தோல் நிறமியைக் கூடுதலாகச் சுரந்து அந்த இடத்தில் கறையாக விட்டுவிடும். போவதற்குப் பல மாதம் ஆகும். 2008இல் இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு ஒரு நெறிமுறையை வெளியிட்டது. இந்தியத் தோலுக்கு ஆழமான அமிலச் சிகிச்சை வேண்டாம் என்கிறது அது. மேலோட்டமானதற்கும்கூட, பூசுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னதாகவே களிம்புகளால் தோலைத் தயார் செய்ய வேண்டும் என்கிறது. பின்னாலும் வெயில் படாமல் காக்க வேண்டும். நாற்பத்தைந்து நிமிஷத்துக் கதைக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் பல வாரம்!

இதெல்லாம் எனக்கு இந்தத் தாளைப் பார்த்தபின் தெரிந்ததல்ல. சென்ற ஆண்டே தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று. இதேபோன்ற தாள் ஒன்றை என் சித்தி மகள் மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள்.

அவளுக்கு வயது 43. மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் பதினாறு வருஷமாகப் பட்டுச் சேலைப் பிரிவில் வேலை. கல்யாண வீட்டார் வந்தால் அவளைத்தான் தேடுவார்கள். எந்த நிறத்துக்கு எந்தக் கரை எடுக்கும் என்று சேலையைத் தோளில் போட்டுக் காட்டிப் பேசியே வியாபாரத்தை முடித்துவிடுவாள். கடைக்குப் புதிதாக ஒரு மானேஜர் வந்தார். முன்வரிசையில் கொஞ்சம் இளமையாகத் தெரிகிறவர்கள் நிற்கட்டும் என்றார். அவர் தலையில் பாதி நரை என்பது வேறு விஷயம். ஆணுக்கு நரை வந்தால் அனுபவம். கம்பராமாயணத்தில் தசரதன் காதோரம் ஒரே ஒரு நரைமுடியைக் கண்ணாடியில் கண்டு ராஜ்யத்தையே மகனுக்குக் கொடுக்க முடிவு செய்கிறான். கொடுப்பதற்கு அவனிடம் ராஜ்யம் இருந்தது. என் தங்கையிடம் இருந்தது நாலடி மேஜை ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அழகு நிலையத்துக்குப் போயிருக்கிறாள். முன்னேற்பாடு எதுவும் இல்லை. மருத்துவர் யாரையும் பார்த்ததாகவும் சொல்லவில்லை. பூசினார்கள், எரிந்தது, கழுவினார்கள், அனுப்பினார்கள். வெயில் களிம்பு தனி விலை என்றதும் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள், விளம்பரம் சொன்னபடியே, வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் வாயோரத்திலும் கன்னத்திலும் தோல் உரியத் தொடங்கியது. கடையின் விளக்கு வெளிச்சத்தில் அதை மறைக்க முடியுமா? வாடிக்கைக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். மானேஜர் பார்ப்பதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று கழிப்பறைக் கண்ணாடிக்கு முன் நின்று நகத்தால் பிய்த்து எடுத்திருக்கிறாள். மத்தியான வெயிலில் சாப்பாட்டுக்கு வெளியே போய் வந்திருக்கிறாள். நாலாவது வாரம் இரண்டு கன்னத்திலும், பிய்த்த இடத்திலெல்லாம், காப்பிக் கறைபோல் திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது.

முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், எல்லா எழுத்தாளர்களும் செய்வதுபோல், உபதேசத்துக்கு வாய் திறந்ததுதான். அழகு என்பது உள்ளத்தில் இருக்கிறது, முகத்தில் இல்லை என்ற தோரணையில் ஏதோ ஆரம்பித்தேன். கல்யாணம் வேண்டாமென்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஔவையார்கூட என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டாள். நல்ல வேளையாக அவள் என்னைப் பேச விடவில்லை.

"அண்ணே, நான் என்ன சினிமாவுலயா நடிக்கப் போறேன்? எனக்கு அந்த எடத்துல நிக்கணும், அவ்வளவுதான்."

"அதுக்கில்லம்மா. செஞ்சதுதான் செஞ்ச, ஒரு வாரம் வீட்டுல இருந்திருக்கலாமே?"

"ஒரு வாரமா? நீங்க வேற! மாசத்துக்கு ரெண்டு நாள் லீவு. மூணாவது நாள்னா சம்பளத்துல பிடிச்சிருவாங்க. ஓய்வே வேணாம்னு போட்டிருந்துச்சுல்ல, அதனாலதான் போனேன்."

'அதனாலதான் போனேன்.' இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அந்த விளம்பரத்தை எனக்குப் படிக்கத் தெரிந்தது. அதுவரை அதன் முக்கியமான வரி இளமையைப் பற்றிய வரி என்று நினைத்திருந்தேன். ஓய்வு தேவையில்லை என்ற வரி ஏதோ கொசுறாகச் சேர்த்தது என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அந்த வரிக்காகத்தான் முழுத் தாளும் அச்சிடப்பட்டிருக்கிறது. வசதியுள்ள பெண் நல்ல மருத்துவரிடம் போவாள். மாதம் முன்னதாகத் தோலைத் தயார் செய்வாள். பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பாள். குளிர்சாதனக் காரில் வெளியே போவாள். அவளிடம் 'ஓய்வு தேவையில்லை' என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. காலைப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம்தான் அதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு முகச் சுருக்கம் ஒரு குறை என்றால், லீவு இல்லாமை இன்னொரு குறை. இரண்டாவது குறையைப் பார்த்து முதல் குறைக்கு மருந்து விற்கிறார்கள்.

ஜவுளிக் கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காருவதற்கு நாற்காலி தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டம் திருத்தினார்கள். உட்காரும் உரிமைக்கு இவ்வளவு காலம் ஆயிற்று என்றால், உரிந்த தோல் ஆறும்வரை வீட்டில் இருக்கும் உரிமையை யார் கேட்பது? கேட்டால் சிரிப்பார்கள். முகத்தில் எதையாவது பூசிக்கொண்டு வந்ததற்கெல்லாம் லீவா என்பார்கள். முகம் இளமையாக இருக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்கள்தான்.

மருத்துவ அம்மாளிடம் நானே அழைத்துப் போனேன். அவர் திட்டவில்லை. இதேபோல் வருகிறவர்களை நிறையப் பார்த்திருப்பார்போல. தன்னுடைய மருத்துவமனையிலும் அமிலச் சிகிச்சை செய்வதாகவும், ஆளையும் தோலையும் பார்த்துச் செய்தால் நல்ல பலன் உண்டு என்றும் சொன்னார். இவள் முதலிலேயே வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "வெயில் களிம்பைக் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பேன்" என்றார். முகத்தை முதுமையாக்குவதில் வயதைவிட வெயிலுக்கு அதிகப் பங்கு உண்டாம். பிறகு என் தங்கையிடம், எதையும் தேய்க்காதே, பிய்க்காதே, கடையில் தானாக எந்த டியூபும் வாங்கிப் பூசாதே என்று மூன்று முறை சொன்னார். டியூப் விஷயம் ஏன் அத்தனை தடவை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சிவப்பழகுக்கென்று சீட்டில்லாமல் வாங்கிப் பூசி, முகமே புண்ணாகிப்போகிறவர்கள் அவ்வளவு பேர். அரசாங்கம் 2018இல் அப்படிப்பட்ட மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பட்டியலாக இருக்கிறது. மருந்துக் கடை மருந்துக் கடையாக இருக்கிறது.

மதிப்புரை என்றால் திருத்தமும் சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். அந்தத் தாளில் அம்புக்குறியை எடுத்துவிட்டு இன்னும் சில படங்களைப் போடட்டும். பூசிய அன்று மாலை சிவந்த முகம். மூன்றாம் நாள் வாயோரத்தில் உரிந்து தொங்கும் தோல். ஐந்தாம் நாள் பாதி புதுசும் பாதி பழசுமாக ஒரு முகம். எல்லாப் படத்தையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே பொட்டோடு எடுக்கட்டும். இந்த நாட்களில் வெயிலில் போகாதே என்று கொட்டை எழுத்தில் போடட்டும். பூசப்போவது மருத்துவரா, மூன்று மாதம் பயிற்சி பெற்றவரா என்று எழுதட்டும். அப்படியும் வருகிறவர்கள் வரட்டும். நாற்பது வயதில் ஒருத்தி தன் முகத்தைச் சற்றுத் தெளிவாக வைத்துக்கொள்ள விரும்பினால் அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நானே மீசைக்கு மை போடுகிறவன்.

கறை மங்க ஒன்பது மாதம் ஆயிற்று. முழுவதும் போகவில்லை; தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் தெரியும். அந்த ஒன்பது மாதமும் அவளைக் கிடங்கில் சேலை மடிக்கப் போட்டிருந்தார்கள். போன மாதம் மறுபடியும் மேஜைக்கு அழைத்துக்கொண்டார்களாம், பட்டுப் பிரிவுக்கில்லை, துண்டும் போர்வையும் விற்கிற கீழ்த் தளத்துக்கு. அங்கே நாற்காலி ஒன்று இருக்கிறது என்று சொன்னாள்.